ஏட்டால் உயர்ந்த ஊர்

வாளால் உயர்ந்த ஊர்கள் உண்டு. வணிகத்தால் வளம்பெற்ற ஊர்கள் உண்டு. திருவிழாவும் தேரோட்டமும் காட்டித் திரளான கூட்டத்தைச் சேர்க்கும் ஊர்களும் உண்டு. மன்னன் மாண்டதும் மங்கிப்போன தலைநகர்கள் எத்தனை! துறைமுகம் தூர்ந்ததும் தூங்கிப்போன பட்டினங்கள் எத்தனை! வரலாற்று ஏடுகளைப் புரட்டினால், வாழ்ந்து கெட்ட ஊர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால், ஆட்சிபீடம் அகன்ற பிறகே ஏற்றம் பெற்ற ஊர் ஒன்று இருக்கிறது. அரசு அங்கிருந்து வெளியேறிற்று. அறிவு அங்கே குடியேறிற்று. அந்த ஊரின் கதையை நாம் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், பல்கலைக் கழகம் எதற்காக, யாருக்காக என்று கேட்கும் நமக்கு, அந்தக் கதையிலே ஒரு விடையும் இருக்கிறது; ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில், சோளக்கொல்லைகள் சூழ்ந்த மாநிலம் அயோவா. அங்கே, அயோவா ஆற்றங்கரையில், தலைநகராக இருக்கவேண்டும் என்பதற்காகவே 1839-ல் திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர் அயோவா சிட்டி. அந்த மண் ஆளற்ற மண்ணாக இருந்ததில்லை. சாக், மெஸ்குவாக்கி என்னும் தொல்குடி மக்கள் வாழ்ந்த பகுதி அது. அவர்களை அகற்றிவிட்டுத்தான் வெள்ளையர் அங்கே வீதி வகுத்தனர். அந்த உண்மையை மறைத்துவிட்டு அவ்வூரின் பெருமையை மட்டும் பேசுவது வரலாறாகாது. 1840-ல் சட்டமன்ற மாளிகைக்குக் கால்கோள் விழா நடந்தது. 1846-ன் இறுதியில் அயோவா தனி மாநிலமாயிற்று. மாநிலமாகி இரண்டு திங்கள் நிறைவதற்குள், 1847 பிப்ரவரி 25-ல், பல்கலைக் கழகம் ஒன்று நிறுவச் சட்டம் இயற்றினர். காடு திருத்திய கை காயுமுன்னே கலைக்கழகம் கேட்டனர்!

1857-ல் தலைநகரம் டி மாயின் என்னும் வேறோர் ஊருக்குச் சென்றது. சட்டமன்ற உறுப்பினர்கள் சென்றனர், அலுவலர் சென்றனர், கோப்புகள் மாட்டுவண்டி ஏறின. எஞ்சியது மாளிகை. அந்த மாளிகையைப் பல்கலைக் கழகத்துக்கே கொடுத்துவிட்டனர். அதே 1857-ல்தான், துரத்தப்பட்ட மெஸ்குவாக்கி மக்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுத்து, தங்களுடையதாகவே இருந்த அயோவா மண்ணில் ஒரு பகுதியைத் திரும்ப விலைக்கு வாங்கினர். நமது சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். ஒரே ஆண்டு, மூன்று நிகழ்ச்சிகள்! ஓரிடத்தில் ஆட்சி மாளிகை அறிவு மாளிகையாகிறது. ஓரிடத்தில் பறிகொடுத்தவர் பணம்கொடுத்து மண்ணை மீட்கிறார். ஓரிடத்தில் அன்னிய ஆட்சி தனக்கேற்ற கல்விக்கு வித்திடுகிறது.

தலைநகர் என்ற தகுதியை இழந்த ஊர் சோர்ந்து சாய்ந்திருக்கக்கூடும். சாயவில்லை. காரணம், பல்கலைக் கழகத்தின் கதவு அகலமாகத் திறந்திருந்தது. 1855-ல் வகுப்புகள் தொடங்கியபோதே ஆணோடு பெண்ணும் அமர்ந்து படித்தனர். அமெரிக்க நாட்டின் பொதுப் பல்கலைக் கழகங்களில் ஆணையும் பெண்ணையும் சமமாகச் சேர்த்துக்கொண்டது இதுவே முதலாவது. முதலாண்டு மாணவர் 124 பேரில் பெண்கள் 41 பேர். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று பெரும் பண்டிதர்களே பேசிய காலம் அது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

மற்றொரு கதவையும் பார்ப்போம். அலெக்சாண்டர் கிளார்க் என்பவர் மஸ்கட்டைன் என்னும் ஊரில் முடிதிருத்தும் தொழில் செய்து முன்னேறிய நீக்ரோ இனத் தோழர். அவருடைய மகள் சூசனை, கருநிறத்தவள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தனர். கிளார்க் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை, வழக்குமன்றம் ஏறினார். 1868-ல் அயோவாவின் உச்ச நீதிமன்றம், நிறத்தைக் காட்டிப் பள்ளியை மூடுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவர் மகன் 1879-ல் அயோவாப் பல்கலைக் கழகத்தில் சட்டப்பட்டம் பெற்றார். அந்தப் பட்டம் பெற்ற முதல் கருப்பர் அவரே. மகன் படித்த கல்லூரியில் தந்தையும் சேர்ந்து, முதுமை நெருங்கும் பருவத்தில் 1884-ல் தாமும் சட்டப்பட்டம் பெற்றார். கத்தி பிடித்த கை சட்டப் புத்தகம் பிடித்தது! இந்தப் பகுதியைப் படிக்கும்போது நமது நாட்டில் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலைமுறைகளை நினையாமலிருக்க நம்மால் முடியுமா?

இனி, இலக்கியத்துக்கு வருவோம்.

பல்கலைக் கழகத்தில் 1860-களிலேயே மாணவரின் இலக்கியச் சங்கங்கள் தோன்றிவிட்டன. ஆடவருக்கு ஒன்று, மகளிருக்கு ஒன்று என்று அமைந்து, சொற்போர் நடத்தியும் கட்டுரை படித்தும் ஊராருக்கும் சுவையூட்டின. 1897-ல் செய்யுள் இயற்றும் பயிற்சி வகுப்பொன்று நடந்தது. 1915-ல் ஜான் பிரெடரிக் என்பவர் 'மிட்லாண்ட்' என்ற இலக்கிய ஏட்டை அயோவா சிட்டியில் தொடங்கினார். நியூயார்க்கில் அச்சேறினால்தான் இலக்கியம் என்றிருந்த காலத்தில், உழவர் நாட்டிலும் உள்ளம் உண்டு, உணர்ச்சி உண்டு, எழுத்தும் உண்டு என்று எடுத்துக்காட்டிய ஏடு அது. ஏழ்மையிலேயே நடந்தது, 1933-ல் நின்றது. ஆயினும் அது போட்ட விதை வீண்போகவில்லை. சிற்றேடுகளின் வரலாறே அதுதான். ஏடு நிற்கும், எண்ணம் நிற்பதில்லை.

1922-ல் நடந்தது பெரும் புரட்சி. துப்பாக்கி வெடிக்கவில்லை, தோரணம் கட்டவில்லை, ஓர் அறிவிப்பு வெளிவந்தது, அவ்வளவே. கார்ல் சீஷோர் என்பவர் அப்போது மேற்பட்டப் படிப்புத் துறையின் தலைவர். சுவீடன் நாட்டில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, அயோவாவின் வயல்வெளியில் வளர்ந்தவர். கவிஞரல்லர், மனத்தின் இயல்புகளை அளந்து ஆராயும் உளநூல் அறிஞர். கவிதையோ கதையோ ஓவியமோ இசையோ படைத்தளித்தால், அதனையும் பட்டத்துக்குரிய ஆய்வேடாக ஏற்றுக்கொள்வோம் என்று அவர் அறிவித்தார்.

இதன் பொருள் என்ன? அதுவரையில், மறைந்த கவிஞனைப் பற்றி நூறு பக்கம் எழுதினால் அறிஞன் என்ற பட்டம் கிடைக்கும். உயிரோடிருக்கும் கவிஞனுக்கோ உதட்டுப் புகழ்ச்சிதான் கிடைக்கும். பிணத்தை அளப்பவனுக்குப் பீடம். பிள்ளை பெறுபவளுக்குத் திண்ணையா? படைப்பதும் அறிவே, படைத்தவனும் அறிஞனே என்று ஒரு பல்கலைக் கழகம் ஒப்புக்கொண்டது. 1931-ல் முதன்முதலாக ஒரு கவிதைத் தொகுதி ஆய்வேடாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே, பால் எங்கில் என்ற அயோவா இளைஞர் பட்டத்துக்காக எழுதிய கவிதைகள், யேல் பல்கலைக் கழகத்தின் இளங்கவிஞர் வரிசையில் நூலாக வெளிவந்தன.

1936-ல் வில்பர் ஷ்ராம் என்பவரின் தலைமையில் 'எழுத்தாளர் பட்டறை' முறையாக அமைந்தது. பட்டறை என்ற பெயரே அழகு! இரும்பை உருக்கி அடித்து நிமிர்த்துவதுபோல எழுத்தை அடித்து நிமிர்த்தும் இடம். ஒருவர் எழுதியதைப் பிறர் முன்கூட்டியே படித்துவருவர். மேசையைச் சுற்றி அமர்ந்து, நல்லது இது, நலிந்தது இது என்று முகத்துக்கு நேரே கூறுவர். எழுதியவர் வாய்திறவாது கேட்டுக்கொண்டிருப்பார். மாலை மரியாதை இல்லை. மகாகவி பட்டம் சூட்டல் இல்லை.

1941 முதல் 1965 வரை பட்டறையை நடத்தியவர் பால் எங்கில். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், போர்க்களத்திலிருந்து திரும்பிய இளைஞர்கள் அரசின் கல்வி உதவியோடு வந்து குவிந்தனர். ஆற்றங்கரையில், படைவீரருக்கென அமைத்த தகரக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. பளிங்கு மண்டபத்திலா பாட்டு பிறக்கும்? கொட்டகையே போதுமானதாக இருந்தது. 1945-ல் தென்பகுதி ஜார்ஜியாவிலிருந்து கூச்சம் மிக்க பெண்ணொருத்தி வந்து எங்கிலின் எதிரே நின்றாள். அவள் பேச்சின் வட்டார ஒலி அவருக்குப் புரியவில்லை. தாளிலே எழுதித் தரச் சொன்னார். எழுதினாள்: பட்டறையில் சேர விரும்புவதாக. சேர்த்துக்கொண்டார். அவளே பின்னாளில் அமெரிக்கச் சிறுகதை உலகில் அழியா இடம் பெற்ற பிளானரி ஓகானர். பேச்சைக் கேட்டுப் 'பட்டிக்காடு' என்று ஒதுக்கியிருந்தால், ஓர் இலக்கியம் இழக்கப்பட்டிருக்கும். உச்சரிப்பைக் கண்டு மாணவனை எடைபோடும் வழக்கம் நம்மிடம் அறவே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லமுடியுமா?

ஆனால், கதவு திறந்திருந்தது என்று சொல்லும்போதே, கதவுக்கு உள்ளே மற்றொரு பூட்டு இருந்ததையும் சொல்லியாகவேண்டும். 1939-ல் மார்கரெட் வாக்கர் என்ற கருப்பினக் கவிஞர் பட்டறைக்கு வந்தார். அவர் பட்டத்துக்காக எழுதிய கவிதைகள் 1942-ல் அதே யேல் வரிசையில் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டன. அவருடன் ஓர் அறையில் தங்கியிருந்தவர் எலிசபெத் கேட்லெட். 1940-ல் சிற்பக் கலையில் உயர்பட்டம் பெற்ற கருப்பின மங்கை. இருவரும் ஊருக்குள் அறை தேடி ஏன் தங்கினர்? வகுப்பில் உட்கார இடம் கொடுத்த பல்கலைக் கழகம், விடுதியில் படுக்க இடம் கொடுக்கவில்லை! பாட்டு வேண்டும், பாடுகிற பெண் பக்கத்து அறையில் வேண்டாம்! சிலை வேண்டும், செதுக்கிய கையோடு ஒரே கூடத்தில் உணவு வேண்டாம்! 1946-ல்தான் ஐந்து கருப்பின மாணவியர் கரியர் மகளிர் விடுதியில் காலடி வைத்து அந்தத் தடையைத் தகர்த்தனர். 2017-ல் பல்கலைக் கழகம் எழுப்பிய பெரிய மாணவர் விடுதிக்குக் கேட்லெட் பெயரையே சூட்டியிருக்கிறது. ஒரு காலத்தில் யாரைப் படுக்கவிடவில்லையோ, அவர் பெயரைச் சொல்லித்தான் இன்று மாணவர் தம் இருப்பிடத்தைக் குறிப்பிடவேண்டும். வரலாறு வஞ்சம் தீர்த்துக்கொள்ளும் முறை சிலவேளை மிக நயமானது!

மார்கரெட் வாக்கர் வஞ்சினம் வைத்துக்கொண்டு ஒதுங்கவில்லை. இருபதாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் அங்கே வந்து, தம் பாட்டி சொன்ன அடிமை வாழ்வின் கதைகளை 'ஜூபிலி' என்ற பெருநாவலாக எழுதி, அதனையே ஆய்வேடாக அளித்து, 1965-ல் டாக்டர் பட்டம் பெற்றார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட குலத்தின் பாட்டி கதை, பல்கலைக் கழகத்தின் ஆய்வேடாயிற்று. 1922-ல் சீஷோர் வெளியிட்ட அறிவிப்பின் முழுப்பொருள் அன்றைக்குத்தான் விளங்கிற்று என்போம்.

1967-ல் மற்றொரு அரும்பணி தொடங்கிற்று. சீன நாட்டில் பிறந்த நியே ஹுவாலிங் என்ற எழுத்தாளர், தைவானில் 'சுதந்திர சீனம்' என்ற ஏட்டின் இலக்கியப் பகுதிக்கு ஆசிரியராக இருந்தார். அதிகாரத்தைத் தட்டிக்கேட்ட அந்த ஏட்டை 1960-ல் ஆட்சியினர் மூடினர். ஏட்டை நடத்தியவரைச் சிறையிலடைத்தனர். அயோவாவுக்கு வந்து சேர்ந்த நியேயும் எங்கிலும் இணைந்து, உலக எழுத்தாளர்களை அழைத்துச் சில திங்கள் தங்கவைத்து, எழுதவும் பேசவும் வாய்ப்பளிக்கும் பன்னாட்டு எழுத்துத் திட்டத்தை அமைத்தனர். 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,500-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் இதுவரை அங்கே தங்கியிருக்கின்றனர். 1979-ல் செஞ்சீனத்து எழுத்தாளரும் தைவான் எழுத்தாளரும், தத்தம் நாட்டில் சந்திக்க இயலாத நிலையில், அந்தச் சிற்றூரில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற துருக்கியின் ஓரான் பாமுக் 1985-லும், கொரியாவின் ஹான் காங் 1998-லும், சீனத்தின் மோ யான் 2004-லும் அங்கே தங்கியவர்கள்.

நம்மவர் யாரும் போனதில்லையா? போனார். சென்னையில் வாழ்ந்த அசோகமித்திரன் 1973-ல் அங்கே சென்று பல திங்கள் தங்கினார். பல நாட்டு எழுத்தாளரோடு பழகிய அந்த வாழ்வைத்தான் பின்னர் 'ஒற்றன்' என்ற நாவலாக்கினார். அமெரிக்கப் பெருமையைப் பாடும் நூலல்ல அது. மொழி புரியாத மனிதர் ஒரே கூரையின்கீழ் வாழும்போது மலரும் அன்பையும் மோதலையும் காட்டும் நூல். ஆக, சோளக்கொல்லை நடுவே ஒரு பல்கலைக் கழகம் ஏற்றிய விளக்கின் ஒளியில் ஒரு தமிழ் நூலும் எழுந்தது.

இதெல்லாம் பல்கலைக் கழகத்தின் பெருமை. ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கலாம், கேட்கவும்வேண்டும். மதிற்சுவருக்குள்ளே நடக்கும் மாநாட்டால் மக்களுக்கு என்ன ஆதாயம்?

அங்கே மதில் இல்லை. 1930-களிலேயே ஊர் நடுவே ஒரு மாடியில் கூடிய இலக்கியக் கழகத்துக்கு இராபர்ட் பிராஸ்ட்டும், கார்ல் சாண்ட்பர்க்கும், கருப்பினப் பெருங்கவிஞர் லாங்ஸ்டன் ஹியூசும் வந்தனர். அந்த இடத்தில்தான் இப்போது 'பிரெய்ரி லைட்ஸ்' என்ற புத்தகக் கடை இருக்கிறது. 1978-ல் தொடங்கிய கடை அது. அங்கே நூலாசிரியர்கள் தம் நூலைப் படித்துக்காட்டுவர். கடைக்காரரும் மாணவரும் குடும்பத்துப் பெண்டிரும் கட்டணமின்றிக் கேட்பர். பல்கலைக் கழக வானொலி பல ஆண்டுகள் அந்தக் கூட்டங்களை ஒலிபரப்பிற்று. உழவர் வீட்டுக் கூடத்திலும் கவிதை ஒலித்தது. அயோவா வீதியின் நடைபாதையில், அவ்வூரோடு தொடர்புடைய எழுத்தாளரின் பெயரும் வாசகமும் பொறித்த வெண்கலப் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 2008-ல் யுனெஸ்கோ அயோவா சிட்டியை 'இலக்கிய நகரம்' என்று அறிவித்தது. எடின்பரோ, மெல்போர்ன் ஆகிய மாநகரங்களுக்கு அடுத்தபடியாக, உலகில் மூன்றாவதாக அந்தச் சிறப்பைப் பெற்ற ஊரின் மக்கள்தொகை, 2020-ன் கணக்கெடுப்பில்கூட 75,000-ஐ எட்டவில்லை!

அதே 2008-ன் ஜூன் திங்களில் ஆறு கரைபுரண்டது. பல்கலைக் கழகக் கட்டடங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. தலைமை நூலகத்தின் நிலவறையில் இருந்த ஏடுகளுக்கு ஆபத்து! என்ன நடந்தது தெரியுமா? மாணவரும் ஆசிரியரும் ஊர் மக்களும் வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி, புத்தகங்களை மேல்மாடிக்கு ஏற்றினர். இலக்கிய நகரம் என்ற பட்டம் பிறகுதான் வந்தது. அந்தத் தகுதியை மக்கள் அந்த வரிசையிலேயே பெற்றுவிட்டனர். பல்கலைக் கழகம் நம்முடையது என்ற எண்ணம் இல்லாவிடில், வெள்ளத்தின் நடுவே யார் வந்து நிற்பார்?

எச்சரிக்கை என்றோமே, அது என்ன? பணம்! எழுத்தாளரை வரவழைத்து வாழவைக்கப் பணம் வேண்டும். எங்கில் சலவை இயந்திரம் செய்யும் முதலாளியிடமும் கேட்டார், ஓட்ஸ் ஆலைக்காரரிடமும் கேட்டார், அறக்கட்டளைகளிடமும் கேட்டார். கொடுத்த அறக்கட்டளைகளில் ஒன்றான பார்பீல்டு, அமெரிக்க உளவுத் துறையின் முகமூடி என்பது பிறகு வெளிப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் கவிதைக்கும் கண்காணிகள் இருந்தனர்! பன்னாட்டுத் திட்டத்துக்கோ அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதி பெருந்துணையாக இருந்துவந்தது. 2025 பிப்ரவரியில் அந்தத் துறை தன் நிதியுதவியை நிறுத்திவிட்டது. நாட்டு நலனுக்கு ஏற்றதல்ல என்று காரணம் கூறப்பட்டது. திட்டம் சாகவில்லை, ஆனால் சுருங்கிற்று. அரண்மனை எண்ணெயில் எரியும் விளக்கு, அரசனின் மனம் மாறும்போது மங்கத்தான் செய்யும். ஊரார் ஊற்றும் எண்ணெயில் எரியும் விளக்கே நிலைக்கும்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய கருத்து யாது? பல்கலைக் கழகம் ஊருக்கு இலக்கியம் தரவேண்டுமாயின் மூன்று செயல் வேண்டும். படைப்பாளியை அறிஞனாக மதிக்கவேண்டும். அவன் பசியாறி எழுத இடம் தரவேண்டும். எழுதியதை ஊராரின் செவிக்குக் கொண்டுசெல்லவேண்டும். மூன்றுக்கும் அடிப்படையாக நான்காவது ஒன்றுண்டு: வருவோரின் நிறத்தையும் குலத்தையும் பேச்சொலியையும் பார்த்துக் கதவை மூடாதிருக்கவேண்டும். அயோவா இந்த நான்காவதிலே தவறிய காலத்தில் தாழ்ந்தது. திருத்திக்கொண்ட காலத்தில் உயர்ந்தது.

நமது பல்கலைக் கழகங்கள் மக்கள் வரிப்பணத்தில் வாழ்பவை. அவற்றின் வாயிலில், வகுப்பறையில் நாம் எழுத்தறிவித்த பிள்ளைகள் வந்து நிற்கின்றனர். பாட்டி சொன்ன கதையும், உழைப்பாளியின் பேச்சும், ஒடுக்கப்பட்டவன் ஏக்கமும் அவர்கள் நெஞ்சில் இருக்கின்றன. அவர்களிடம் முன்னோர் எழுதியதை மனப்பாடம் செய்தாயா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடப் போகிறோமா? அல்லது, நீ என்ன எழுதப்போகிறாய் என்றும் கேட்கப்போகிறோமா? அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் துணிந்த நாளில்தான் ஆற்றங்கரை ஊரொன்று உலகின் கண்ணில் பட்டது. நம் ஊர்களிலும் ஆறுகள் உண்டு, பிள்ளைகளும் உண்டு. கேள்விதான் இன்னும் உரக்கக் கேட்கப்படவேண்டும்.